சம்மதம் கேட்ட சென்னிமலை

என் தங்கை புருஷன் சென்னிமலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். போய்ச் சேர்ந்தவன் மேல் கோபப்படுவது முறையில்லை என்று என் வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் தானும் நிம்மதியாக இல்லாமல், பக்கத்தில் இருந்தவர்களையும் நிம்மதியாக விடாமல் இருந்த மனிதனோடு அவர்களா மல்லுக்கட்டினார்கள்? நான் கட்டினேன். அதனால் செல்லமுத்து என்கிற நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்க வேண்டும்.

ராசிபுரத்திலிருந்து ஆட்டையாம்பட்டி போகிற பாதையில் அவனுக்குக் கிணறும் பூமியும் இருந்தன. சோளம் விதைப்பான், கடலை போடுவான், கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் மிளகாய் வைப்பான். நல்ல உழைப்பாளி. விடியும் முன்னே மாட்டைப் பூட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிடுவான். பேச்சுதான் குறைச்சல். கேட்டதற்கு உடனே பதில் வராது. மாட்டை ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கி, தோல் சாலில் ஏறி வந்த தண்ணீர் வாய்க்காலில் கொட்டி முடிந்து, திரும்ப மேலே ஏறி வந்த பிறகுதான் வாயைத் திறப்பான். அதற்குள் கேட்டவனுக்குக் கேட்டதே மறந்து போயிருக்கும். என் தங்கை வள்ளியாத்தாளைக் கட்டிக் கொடுத்த புதிதில், “இந்த மனுசங்கிட்ட எப்பிடி அம்மிணி காலந்தள்ளப் போறே?” என்று நான் கேலி செய்ததுண்டு. அவள் நன்றாகவே காலம் தள்ளினாள். பொன்னாயி என்று ஒரு பெண் பிறந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவன் பங்காளிகளுக்குச் சாமி கருப்பணார். கோயிலில் கெடா வெட்டும் முறை சென்னிமலையின் வீட்டுக்கு. அப்பனுக்குப் பிறகு அரிவாள் இவன் கைக்கு வந்தது. ஒரே வீச்சு, அவ்வளவுதான். இரண்டாவது வீச்சுக்கு அவன் கையை ஓங்கி யாரும் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் கெடாவை நிறுத்தி மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். கெடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்போம். துலுக்கிவிட்டால் சாமிக்கும் சம்மதம், கெடாவுக்கும் சம்மதம். துலுக்காத கெடாவின் மேல் அரிவாள் இறங்கக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றிலோ முப்பத்திரண்டிலோ, மழை பொய்த்த ஒரு வருஷம், கெடா துலுக்கவில்லை. தெளித்தார்கள். நின்றது. குடத்தோடு ஊற்றினார்கள். அப்போதும் அப்படியே நின்று எதையோ அசை போட்டுக்கொண்டிருந்தது. வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகள் பசியில் அழுதன, உலையில் தண்ணீர் கொதித்து வற்றியது. கடைசியில் பங்காளி ஒருவன் கையில் தண்ணீர் அள்ளி அதன் காதுக்குள் விட்டான். காதில் தண்ணீர் போனால் எந்த உயிர்தான் உதறாது? உதறியது. எல்லோரும் குலவை போட்டார்கள். சென்னிமலை அரிவாளைக் கீழே வைத்துவிட்டான்.

“காதுல தண்ணி போயி ஒதறுனதுக்குப் பேரு சம்மதமுங்களா மச்சான்?” என்று என்னைக் கேட்டான். ஊரே பசியோடு காத்திருக்கிறது. இவனுக்கு அந்த நேரத்தில் இந்தச் சந்தேகம்.

“மாப்ள, காலங்காலமா இதத்தான் பண்றோம். வேலையப் பாருங்க” என்றேன்.

அவன் பார்க்கவில்லை. வேறொருவன் வெட்டினான். எல்லோரும் சாப்பிட்டோம், சென்னிமலையைத் தவிர. அதோடு அந்த முறையும் அவன் வீட்டை விட்டுப் போயிற்று. பங்காளிகள் மனத்தாங்கலோடு விலகினார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் ராசிபுரம் சந்தையில் ஒரு பாதிரியார் பேசுவதை இவன் நின்று கேட்டிருக்கிறான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மெலிந்த மனிதர், சைக்கிளில் ஊர் ஊராக வருவார். இனி ஆடும் வேண்டாம், கோழியும் வேண்டாம், எல்லாருக்குமாக ஒருவரே தம்மைப் பலியாகக் கொடுத்துவிட்டார் என்று அவர் சொன்னாராம். அன்றைக்கு மாட்டுக்கு வாங்கப் போன தும்புக்கயிற்றைக்கூட வாங்காமல் நேராக என் சோளக்காட்டுக்கு வந்தான்.

“தானா வந்தாருங்களாமா மச்சான். ஆரும் இழுத்துட்டு வல்லீங்களாமா. ஆரும் தண்ணி ஊத்திக் கேக்கலீங்களாமா” என்றான். மூச்சு வாங்கியது. அவன் அத்தனை வேகமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

இதுதான் அவன் பிடித்த பிடி. மோட்சம், நரகம், அற்புதம், சுகமாதல் எதுவும் அவனுக்கு ஒரு பொருட்டில்லை. தானாக வந்தார் என்ற அந்த ஒன்றுக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு நடந்தான். அங்கேதான் ஆராதனை நடக்கும். சாதி சனம் பேச ஆரம்பித்தது. கல்யாணம் காட்சிக்கு அவனைக் கூப்பிடுவது நின்றது. வள்ளியாத்தாள் ஒன்றும் சொல்லாமல் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஒருநாள் அந்தப் பாதிரியார் அவன் கிணற்றடிக்கே வந்திருந்தார். நானும் போயிருந்தேன். வேண்டுமென்றே போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“ஏனுங்க, தப்புப் பண்ணுனவன் ஒருத்தன், கழுத்து நீட்டறவன் இன்னொருத்தன். இது எந்த ஊரு நாயமுங்க?” என்று ஆரம்பித்தேன். “தம்பி கொலை பண்ணிப்போட்டான்னு வைங்க. அண்ணங்காரன் போயி, நான் தூக்குல ஏறிக்கறேன், அவன உட்ருங்கன்னா, சேலம் ஜெயில்ல ஒத்துக்குவாங்களா?”

“ஒத்துக்கொள்ள மாட்டார்கள்” என்றார் பாதிரியார். “ஆனால் அந்தத் தம்பி அதற்குப் பிறகு பழைய தம்பியாக இருப்பானா, சொல்லும்.”

“அது தம்பியோட பாடு. பெத்த மவனை அனுப்பிக் கொல்லக் குடுத்த அப்பனை நீங்க நல்லவருன்னு சொல்றீங்களே, அதச் சொல்லுங்க.”

அவர் பதில் சொன்னார். நீளமாகச் சொன்னார். மகன் வேறு, அப்பன் வேறு இல்லை. கொடுத்தவரும் கொடுக்கப்பட்டவரும் ஒருவரே என்றார். எனக்குப் பிடிபடவில்லை. சென்னிமலை மாட்டோடு ஒரு நடை இறங்கி ஏறி வந்து, “மச்சான், அவரு தானா வந்தாருங்க. அனுப்புனதா வந்ததான்னு கேட்டா, வந்ததுங்க” என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவனை இனி அசைக்க முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவனை அசைத்தது நான் இல்லை. அவர்களுடைய வேதமே அசைத்தது. பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தைய ராத்திரி நடந்ததைப் பாதிரியார் ஒரு வருஷத்து ஆராதனையில் நிதானமாக வாசித்திருக்கிறார். சிலுவையில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தோட்டத்தில், தம்மைப் பலியாகக் கொடுத்த அவரே முகங்குப்புற விழுந்து, இது எனக்கு வேண்டாம், முடிந்தால் தள்ளிவிடும் என்று அப்பனிடம் கெஞ்சினார் என்று வருகிறது. ஒரு தரம் இல்லை, மூன்று தரம். கடைசியில், உம் இஷ்டம் எதுவோ அது ஆகட்டும் என்றார்.

சென்னிமலை மறுநாள் என்னிடம் வந்தான். முகம் செத்துக் கிடந்தது.

“வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க மச்சான். மூணு தடவ.”

“நாந்தான் அப்பவே சொன்னனே.”

“ஆகட்டும்னா அது சம்மதமுங்களா? வேற வழியில்லாதவன் சொல்ற சொல்லுங்க அது. கெடா நிக்குது, துலுக்கலீங்க. அப்பறமும் அறுத்துப்போட்டாங்க.”

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இனிமேல் ஒழுங்காக வீட்டோடு இருப்பான், பங்காளிகளோடு சேர்வான் என்று எண்ணினேன். எங்கே இருந்தான்? முன்னைவிட அதிகமாக அங்கேயே போனான். கோயிலுக்கும் திரும்ப மாட்டான், அவர்களோடும் ஒட்ட மாட்டான். பாதிரியாரை நடுவழியில் நிறுத்திக் கேட்பான். சரீரம் பயந்தது, சித்தம் கீழ்ப்படிந்தது என்பார் அவர். பயந்தவரை அனுப்பலாமா என்பான் இவன். அந்தக் காலத்து அப்பன் ஒருவன் மலைமேல் மகனைக் கட்டிக் கிடத்திக் கத்தியை ஓங்கியபோது, வானத்திலிருந்து குரல் கொடுத்து நிறுத்தியதாக அவர்கள் வேதத்தில் ஒரு கதை உண்டு. இவன் அதையும் இழுப்பான்.

“அங்க கையப் புடிச்சாங்களே, இங்க ஏனுங்க ஆரும் புடிக்கலே?”

பாவம், பாதிரியார் பொறுமைசாலி. ஒருநாள் அவரே என்னிடம், “ஐயா, உம் மைத்துனர் என்னைத் தூங்கவிடுவதில்லை” என்றார். அந்த ஒரு விஷயத்தில் அவரும் நானும் ஒரே கட்சியாகிவிட்டோம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. யுத்தம் வந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பாதிரியாரை ஈரோட்டுப் பக்கம் மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போது சென்னிமலை ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தான்.

“கேள்வி தீந்துதா?” என்று கேட்டேன்.

“தீரலீங்க. வாசல்லயே நின்னு எத்தன நாளைக்குக் கேக்கறது? உள்ள போயி நின்னு கேக்கறேன்” என்றான். எங்காவது ஒரு இடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று அந்த மனிதன் எவ்வளவு ஏங்கினான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன? அதற்கும் சேர்த்துக் கோபம்தான் வந்தது.

ஆனால் பாதிரியார் அவனை மட்டும் தனியாகச் சேர்க்க மாட்டேன் என்றார். புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கமாக வீடுகள் உடைந்ததை அவர் பார்த்திருக்கிறார். வந்தால் குடும்பமாக வாரும் என்று சொல்லிவிட்டார்.

வள்ளியாத்தாளிடம் கேட்டான். முடியாது என்றாள். சில நாள் விட்டுக் கேட்டான். பொன்னாயிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், தெரிந்துதான் கேட்கிறீர்களா என்றாள். மறுபடி கேட்டபோது அழுதுகொண்டே மாட்டேன் என்றாள். அதன் பிறகு அவன் கேட்கவில்லை. சாப்பாடு குறைந்தது. இறைக்கும்போது மாடு தானாக நின்றால் அவனும் நின்றுவிடுவான். காடு காய ஆரம்பித்தது.

அப்போது ஒரு மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி மோர் கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணா, அவங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க. நான் போயி அந்தத் தண்ணிய வாங்கிக்கலாம்னு இருக்கறனுங்க.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “அம்மிணி, நல்லாக் கேட்டுக்க. நீ அந்தத் தண்ணிய வாங்குனியின்னா, அப்பறம் என்ர ஊட்டுப்படி மிதிக்கக் கூடாது. பொன்னாயிக்கு மாமஞ்சீரும் கெடையாது” என்றேன்.

அவள் மோரைக் குடித்து முடித்தாள். செம்பைக் கழுவி இருந்த இடத்தில் கவிழ்த்தாள். “வாரனுங்கண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உள்ளே நுழையவில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், சண்டை போடத்தான் போனேன். உள்ளே பாயில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர். வீட்டுக்காரன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவான் என்கிற எங்கள் வழக்கப்படி, முதலில் பெண்டு பிள்ளை, பிறகு நான் என்று சென்னிமலை சொல்லியிருந்தான். அதனால் வள்ளியாத்தாள் முன்னால் நின்றாள். கசங்காத புடவை, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை. கண் தரையில் இருந்தது.

மனப்பூர்வமாக ஏற்றுக்கொள்கிறாயா என்று பாதிரியார் கேட்டார்.

“ஆகட்டுங்க” என்றாள்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. மறுபடி கேட்டார்.

“ஆகட்டும்னுதானுங்க சொல்றேன்.”

பாதிரியார் கிண்ணத்தில் விரல்களை நனைத்து முதல் துளிகளை அவள் தலையில் விடக் கையைத் தூக்கினார். வள்ளியாத்தாள் அசையாமல் நின்றாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. நான் சென்னிமலையைப் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. சட்டென்று முன்னால் பாய்ந்து பாதிரியாரின் கையைப் பிடித்துவிட்டான்.

“வேண்டாமுங்க. அவளுக்குச் சம்மதமில்லீங்க” என்றான்.

தண்ணீர் தரையில் சொட்டியது. பாதிரியார் அவன் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, “போய் வாரும்” என்றார். அவர் குரலில் கோபமில்லை, மிகவும் களைத்திருந்தார்.

வெளியே வண்டியடியில் வைத்து வள்ளியாத்தாள் அவனை எதிர்த்து நின்றாள். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதை அவள் பார்த்தாள். பார்த்தும் பேசினாள். அத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் குரல் உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

“ஏனுங்க, என்னத்துக்கு அந்தக் கையப் புடிச்சீங்க?”

“உனக்கு இஷ்டமில்லியே, புள்ள.”

“இஷ்டமில்லீங்க. எப்பவுமில்லீங்க. இல்லைன்னு உங்க மூஞ்சிக்கு நேராவே சொன்னனுங்களே, அழுதுட்டுச் சொன்னனுங்களே. அப்பறம் நானாத்தானுங்க வந்தேன். எங்கண்ணன் படி இனி மிதிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன். எம்புள்ளைய எவனும் கட்டமாட்டான்னு தெரிஞ்சுதான் தலையக் குனிஞ்சேன். உங்களுக்குன்னு குடுத்தனுங்க. பல்லக் கடிச்சுட்டுக் குடுத்தா அது குடுத்ததில்லீங்களா? சிரிச்சுக்கிட்டுக் குடுக்கறதுக்கு அதென்ன சந்தனமா, வெத்தலையா?”

அவன் வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

“எல்லாச் சனத்துக்கும் முன்னால என்னைய வேண்டாம்னு திருப்பி உட்டுப்போட்டீங்க” என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வண்டியில் ஏறினாள். பொன்னாயியும் ஏறினாள்.

சென்னிமலை அங்கேயே நின்றான். பிறகு என்னைப் பார்த்து, “மச்சான், அந்தத் தோட்டத்துல…” என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. விறுவிறுவென்று படியேறி உள்ளே ஓடினான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாதிரியாரின் முன்னால் நின்று, “தெரிஞ்சு போச்சுங்கய்யா, இப்பத் தெரிஞ்சு போச்சுங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். என்ன தெரிந்தது என்று அவர் கேட்டார். அவன் வெளியே வண்டியைக் கையால் காட்டினான். அவர் எட்டிப் பார்த்தார். வள்ளியாத்தாள் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் கிண்ணத்துத் தண்ணீரை ஜன்னலோரம் இருந்த செடிக்கு ஊற்றிவிட்டார்.

அந்த வாரமே அவர் ஈரோட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த பாதிரியாரும் குடும்பமாக வரச் சொன்னார். பொன்னாயிக்கு எங்கள் சாதி சனத்துக்குள்ளேயே கல்யாணம் ஆயிற்று. மாமன் சீர் குறைவில்லாமல் நான்தான் செய்தேன். வள்ளியாத்தாள் என் வீட்டுப்படி மிதிப்பதை நிறுத்தவில்லை. நோம்பி பண்டிகைக்கு வந்தாள், நல்லது கெட்டதுக்கு வந்தாள். நான் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது. அப்படியும் அவள் படியேறி வரும்போதெல்லாம் எனக்கு ஏனோ அவள் முகத்தைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

சென்னிமலை கோயிலுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கடைசியில், வாசலை ஒட்டி உட்கார்ந்துவிட்டு வருவான். கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டான். கேட்க அவனிடம் ஒன்றுமில்லை. யுத்தம் முடிந்த வருஷம் காய்ச்சலில் கிடந்து போனான். எங்கள் முறைப்படியே எல்லாம் செய்தோம். அவன் எதையும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லி வைத்திருக்கவில்லை.

சாவதற்கு ஒரு வருஷம் முந்தி, புதிதாக வந்த பாதிரியார் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருக்கிறார் என்று தெரிந்து, அவன் வள்ளியாத்தாளைக் கடைசியாக ஒருதரம் கேட்டான். நான் சோளம் அளக்க அங்கே போயிருந்தேன். அவள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வெகுநேரம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

“ஏ புள்ள, இந்தத் தடவ வாரியா?”

வள்ளியாத்தாள் புடைப்பதை நிறுத்தவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

“அன்னைக்கே வந்தனுங்களே” என்றாள்.